படாளத்தில் நின்ற வண்டி

கருங்குழி என்று ஊர்ப்பெயரைச் சொன்னால், "வள்ளலார் தண்ணீரில் விளக்கெரித்த ஊரா அம்மா?" என்று கேட்பவர்கள் உண்டு. அது வடலூர்ப் பக்கத்துக் கருங்குழி. நான் பிறந்து வளர்ந்தது மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அடித்துக்கொண்ட பழைய கோட்டை இருந்த ஊர் இது. ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இன்று இது ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். என் சிறுவயதில் ஊர் என்றாலே ரயில் நிலையம்தான். விழுப்புரத்திலிருந்து வரும் மீட்டர் கேஜ் பாசஞ்சர் வண்டிதான் எங்களைச் செங்கல்பட்டோடும் சென்னையோடும் சேர்த்து வைத்தது.

1977 ஐப்பசியில் ஒரு விடியற்காலை அந்த வண்டியில் ஏறினேன். அப்போது எனக்குப் பதினேழு வயது, பள்ளி இறுதி வகுப்பு. கையில் ஒரு ஹாக்கி மட்டை. அப்பா மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிவந்த பழைய மட்டை அது. முசுக்கட்டை மரத்தில் செய்தது. வளைவுக்கு மேலே ஓரத்தில் பிளந்திருந்தது. வஜ்ஜிரம் காய்ச்சி ஊற்றி, சணல் நூலை இறுக்கிச் சுற்றி, அதற்குமேல் சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டி இழுத்துக் கட்டியிருந்தார் அப்பா. பந்தைத் தட்டினால் 'டொக்' என்று கேட்கவேண்டிய இடத்தில் 'பொத்' என்று கேட்கும். அதைக் காதால் கேட்டே என் தோழிகள் பந்து யாரிடம் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

சென்னையில் ஒரு கல்லூரி மைதானத்தில் அன்றைக்குப் பள்ளிப் பெண்களுக்கான தேர்வு. காலை எட்டு மணிக்கு வரச் சொல்லி இருந்தார்கள். இரவு முழுக்கப் பெய்த மழையில் ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழிந்துகொண்டிருந்தது. வண்டி படாளம் வந்து நின்றது, நின்றதுதான். பாலாற்றுப் பாலத்தைப் பார்த்துவிட்டு வரப் போயிருக்கிறார்கள், பார்த்துச் சொன்னால்தான் வண்டி நகரும் என்றார்கள். நான் மைதானத்தைத் தொட்டபோது பதினொன்றரை மணி. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "லிஸ்ட் முடிஞ்சி போச்சிம்மா. அடுத்த வருஷம் வா" என்றார். அடுத்த வருஷம் நான் பள்ளியில் இருக்கமாட்டேன். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரும்பி வந்து எழும்பூரில் மாலை வண்டிக்குக் காத்திருந்தேன்.

பின்னால் உடற்கல்வி படித்து, பி.டி. டீச்சராகி, முப்பது வருஷத்துக்குமேல் பெண் பிள்ளைகளுக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்து ஓய்வும் பெற்றுவிட்டேன். ஆனாலும் பெண்கள் ஹாக்கி என்றால் என் கண் முதலில் போவது கோப்பை மேலே அல்ல, கோப்பைக்கு முன்னால் நடக்கும் தகுதிச் சுற்றுகள் மேலே. உள்ளே ஆடியவர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். வாசற்படியில் நடந்ததை நான் எழுதுகிறேன்.

முதலில் வாசற்படியே இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1927-ல் பெண்கள் ஹாக்கிக்கு என்று தனியாக ஒரு சர்வதேசக் கூட்டமைப்பை உருவாக்கினார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பல நாட்டு அணிகள் ஓரிடத்தில் கூடி விளையாடும். கோப்பை கிடையாது, சாம்பியன் கிடையாது. ஏதோ உறவுக்காரர்கள் திருவிழாவுக்குக் கூடுவதுபோல. 1953-ல் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டனிலும் 1956-ல் சிட்னியிலும் நம் பெண்கள் போய் ஆடினார்கள். அந்த அமைப்பு முறையாகச் சாம்பியன் என்று ஒருவரை அறிவித்தது 1975-ல் எடின்பரோவில்தான். அதற்குள் ஆண்கள் ஹாக்கியை நடத்திவந்த சர்வதேச ஹாக்கி கூட்டமைப்பு முந்திக்கொண்டு, 1974-ல் பிரான்ஸின் மாந்தலியூ என்ற ஊரில் முதல் பெண்கள் உலகக் கோப்பையை நடத்திவிட்டது. மொத்தம் 10 அணிகள். இறுதியாட்டத்தில் நெதர்லாந்து அர்ஜென்டினாவை 1-0 என்று வென்றது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியிடம் தோற்ற இந்தியா நான்காவதாக வந்தது. ஐம்பது வருஷம் ஓடிவிட்டது. உலகக் கோப்பையில் நம் பெண்கள் அதற்குமேல் இன்னும் ஏறவில்லை.

ஒலிம்பிக்கும் அப்படித்தான். 1980 மாஸ்கோவில்தான் பெண்கள் ஹாக்கி முதன்முதலில் ஒலிம்பிக்குக்குள் வந்தது. பெரிய நாடுகள் பல புறக்கணித்ததால் 6 அணிகள்தான் ஆடின. ரூபா சைனி தலைமையில் போன இந்தியா 5 ஆட்டத்தில் 2 வெற்றி, 1 சமன் என்று நான்காம் இடம். காலியான இடத்தை நிரப்பக் கடைசி வாரங்களில் அழைக்கப்பட்ட ஜிம்பாப்வே தங்கம் வென்றது. செயற்கைத் தரையில் அதுவரை ஆடியே பழகாத பெண்கள் அவர்கள். ஒருவருக்குக் கதவைத் திறந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. வகுப்பில் இந்தக் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ!

அதற்குப் பிறகு கதவு மூடியது. ஒலிம்பிக்கில் பெண்கள் அணிகள் 1988-ல் 8 ஆகவும், 2000-ல் 10 ஆகவும், 2008-ல் 12 ஆகவும் கூடின. அணிகள் கூடக்கூட, போட்டியிடும் நாடுகளும் பெருகின. கண்டத்துக்கு ஒரு சாம்பியனுக்கு நேரடி இடம், மற்றவர்கள் தகுதிச் சுற்றில் மோதி வரவேண்டும் என்று முறை வந்தது. ஆட்டமும் புல்லிலிருந்து டர்ஃப் என்ற செயற்கைத் தரைக்கு மாறிவிட்டது. டர்ஃபில் பந்து வழுக்கிக்கொண்டு பறக்கும். மண்ணில் பழகிய கைக்கு அதைப் பிடிக்கவே நேரம் போதாது. ஆட்டத்தை ஆரம்பிக்க இரண்டு பேர் மட்டையோடு மட்டை தட்டும் 'புல்லி'யும் எண்பதுகளின் தொடக்கத்தில் போய்விட்டது. நான் பழகிய ஹாக்கி என் கண்முன்னே வேறு விளையாட்டாகிக்கொண்டிருந்தது. 1984 முதல் 2012 வரை எட்டு ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் அணி இல்லவே இல்லை.

இப்போது 2001-க்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

2002 உலகக் கோப்பை ஆஸ்திரேலியாவின் பெர்த்தில். அதற்கான தகுதிச் சுற்று 2001 செப்டம்பர் கடைசியில் பிரான்ஸின் ஆமியேன், அபெவீல் என்ற இரண்டு ஊர்களில் நடந்தது. செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. அமெரிக்கப் பெண்கள் அணியால் பிரான்ஸுக்கு வர முடியவில்லை. மற்றவர்கள் ஆடினார்கள். இந்தியா விளிம்பில் வந்து நின்றது. சட்டப்படி பார்த்தால் வராத அணி தோற்ற அணி. சர்வதேசக் கூட்டமைப்பு அப்படிப் பார்க்கவில்லை. கடைசி ஓர் இடத்துக்கு அமெரிக்காவும் இந்தியாவும் மூன்று ஆட்டங்கள் கொண்ட ஒரு பிளே-ஆஃப் ஆடட்டும் என்று முடிவெடுத்தது. 2002 ஜூனில் இங்கிலாந்தின் கேனக் என்ற ஊரில் அந்த ஆட்டங்கள் நடந்தன. அமெரிக்கா வென்றது. பெர்த்துக்கு அவர்கள் போனார்கள், நாம் வீட்டில் இருந்தோம்.

பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தின் கீழ்மூலையில் வந்திருந்த செய்தி அது. பள்ளி ஸ்டாஃப் ரூமில் அதைப் படித்துவிட்டு எனக்கு வந்த கோபத்தை இன்றும் மறக்கவில்லை. பிரான்ஸில் வியர்வை சிந்தியது நம் பெண்கள். வராதவர்களுக்கு எப்படி இரண்டாவது வாய்ப்பு? பெரிய நாடு என்பதால்தானே? பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சரிடம் படபடவென்று கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏங்க, அன்னிக்குப் படாளத்துல ரயிலு நின்னுது, உங்களை யாரும் திரும்பக் கூப்பிடலைன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க. அவங்களுக்கும் அதே மாதிரி வண்டி நின்னுபோச்சி, அவ்ளோதானே?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. அன்று மாலை பிள்ளைகளை ஓடவிட்டுவிட்டு மைதானத்து ஓரத்தில் வெகுநேரம் நின்றிருந்தேன். அவர் சொன்னது சரி. மழைக்கோ கோபுரம் இடிந்ததற்கோ ஆடுகிறவள் பொறுப்பில்லை. அவளுக்காகக் கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்திருப்பதுதான் நியாயம். அந்த நியாயத்துக்கு அந்த வருஷம் விலை கொடுத்தது என் நாடு. வலித்தாலும் அதை நியாயம் என்றுதான் சொல்வேன்.

கேனக்கில் தோற்ற அதே பெண்கள் ஒன்றரை மாதம் கழித்து மான்செஸ்டர் காமன்வெல்த் விளையாட்டில் தங்கம் வென்றார்கள். சூரஜ் லதா தேவி கேப்டன். இறுதியாட்டத்தில் இங்கிலாந்தை அவர்கள் மண்ணிலேயே 3-2 என்று, கூடுதல் நேரத்தில் மம்தா கரப் அடித்த கோல்டன் கோலில் வீழ்த்தினார்கள். அந்த அணியை வைத்துத்தான் பிறகு 'சக் தே இந்தியா' படமே வந்தது. படம் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அதற்கு முந்தைய கேனக் தெரியும்?

2012 பிப்ரவரியில் லண்டன் ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்று டெல்லியிலேயே நடந்தது. ஆறு அணிகள், வெல்லும் ஒரு அணிக்கு மட்டும் இடம். இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்கா 3-1 என்று வென்றது. சொந்த ஊர்க் கூட்டத்துக்கு முன்னால் தோற்பதைத் தொலைக்காட்சியில் பார்க்கவே மனம் தாங்கவில்லை.

2015-ல் நடந்தது வேறு மாதிரி. ஆன்ட்வெர்ப்பில் நடந்த தகுதிச் சுற்றில் ஜப்பானை 1-0 என்று வென்று இந்தியா ஐந்தாம் இடம் பிடித்தது. அதனால் மட்டும் ரியோ ஒலிம்பிக் உறுதியாகிவிடவில்லை. ஆகஸ்ட் கடைசியில் லண்டனில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் யார் இறுதிக்கு வருகிறார்கள் என்று பார்த்திருக்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே இடம் பெற்றிருந்த இங்கிலாந்தும் நெதர்லாந்தும் இறுதிக்கு வந்ததும், இந்தியாவுக்கு வழி திறந்தது. 1980-க்குப் பிறகு முதன்முறையாக ஒலிம்பிக் வாசலைத் தாண்டிய நாளில் நம் பெண்கள் மைதானத்திலேயே இல்லை. ரியோவில் 12 அணிகளில் கடைசி இடம்தான் கிடைத்தது. இருந்தாலும் உள்ளே போய்விட்டார்கள்.

டோக்கியோவுக்கான பாதை 2019 ஜூனில் ஹிரோஷிமாவில் தொடங்கியது. அங்கே நன்றாக ஆடினால்தான் ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்கே போக முடியும். அரையிறுதிக்கு முந்தைய நாள் மிசோரத்தில் லால்ரெம்சியாமியின் அப்பா இறந்துபோன செய்தி வந்தது. பத்தொன்பது வயதுப் பெண். ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே இருந்து ஆடினாள். சிலியையும் பிறகு இறுதியில் ஜப்பானையும் வென்ற பின்புதான் வீட்டுக்குப் போனாள். இதை நான் பிள்ளைகளிடம் சொல்லும்போது, 'நீங்களும் அப்படி இருங்கள்' என்று சொல்வதில்லை. எந்தப் பெண்ணுக்கும் அப்படி ஒரு நாள் வரக்கூடாது. ஆனால் ஒரு தகுதிச் சுற்று எவ்வளவு கனமானது என்று தெரியட்டும் என்றுதான் சொல்கிறேன்.

அதே ஆண்டு நவம்பர் 1, 2 தேதிகளில் புவனேசுவரம் கலிங்கா மைதானத்தில் தகுதிச் சுற்று. எதிரே யார்? மறுபடியும் அமெரிக்கா. இரண்டு ஆட்டம், கோல்களைக் கூட்டிப் பார்த்து யார் அதிகமோ அவர்களுக்கு டோக்கியோ. முதல் நாள் நாம் 5-1 என்று வென்றோம். இனி என்ன பயம் என்று மறுநாள் என்னிடம் ஆடவரும் பெண்கள் ஏழெட்டுப் பேரை வீட்டுக்கே கூப்பிட்டுவிட்டேன். வேர்க்கடலை வேகவைத்துத் தட்டில் கொட்டி வைத்திருந்தேன். ஐப்பசி மழைக்கு மேகம் கூடியிருந்தது. கரன்ட் போய்விடுமோ என்று ஒருத்தி மொபைலிலும் ஆட்டத்தைத் திறந்து வைத்திருந்தாள்.

ஐந்தாவது நிமிஷத்தில் அமெரிக்கா ஒரு கோல். பாதி ஆட்டம் முடியும்போது நான்கு. நம் பக்கம் ஒன்றுமில்லை. கூட்டினால் ஐந்துக்கு ஐந்து. கடலையை யாரும் தொடவில்லை. என் கண்ணில் கேனக்தான் நின்றது. "டீச்சர், போயிடுச்சா டீச்சர்?" என்று சின்னவள் கேட்டாள். "இன்னும் முப்பது நிமிஷம் இருக்குடி" என்று சொன்னேன், ஆனால் என் குரல் எனக்கே சரியாக இல்லை.

48-வது நிமிஷத்தில் ராணி ராம்பால் அடித்தார். அந்த ஒரு கோல்தான் அன்றைக்கு இந்தியா அடித்தது. 1-4 என்று ஆட்டத்தில் தோற்று, 6-5 என்று மொத்தத்தில் வென்று டோக்கியோ போனோம். ஹரியானாவின் ஷாபாத் மார்க்கண்டாவில் வண்டியிழுக்கும் தொழிலாளியின் மகள் ராணி. பள்ளிப் பெண்ணாக இருந்தபோதே 2008-ல் ரஷ்யாவின் கசானில் நடந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஆடியவர். அங்கே இந்தியா தோற்றுத் திரும்பியது. மூடிய கதவைப் பார்த்துத் தொடங்கிய பெண், 11 வருஷம் கழித்துத் தன் மட்டையாலேயே திறந்தார். டோக்கியோவில் அந்த அணி அரையிறுதிவரை போய், வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பிரிட்டனிடம் 3-4 என்று தோற்று நான்காவதாக வந்ததை ஊரே பார்த்தது. ஆனால் என் வீட்டு ஹாலில் நாங்கள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து ஓடிவந்தது டோக்கியோ அன்று அல்ல. புவனேசுவரத்தின் 48-வது நிமிஷத்தில்.

பாரிஸுக்கான தகுதிச் சுற்று 2024 ஜனவரியில் ராஞ்சியில். முதல் ஆட்டமே அமெரிக்காவோடு, 0-1 தோல்வி. நியூசிலாந்தையும் இத்தாலியையும் வென்று எழுந்தார்கள். அரையிறுதியில் ஜெர்மனியோடு 2-2, ஷூட் அவுட்டில் 3-4. மறுநாள் ஜப்பானோடு மூன்றாம் இடத்துக்கான ஆட்டம், அதுதான் கடைசிக் கதவு. தொடக்கத்திலேயே ஒரு பெனால்டி கார்னர் கோல் வாங்கி 0-1 என்று முடிந்தது. ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான் பாரிஸ் போயின. 2025 செப்டம்பரில் ஹாங்சோவில் ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தில் சீனா 4-1 என்று நம்மை வென்று 2026 உலகக் கோப்பைக்கு நேரே போய்விட்டது. நமக்கு மறுபடியும் தகுதிச் சுற்று.

இத்தனை ஆட்டங்களையும் நான் பார்த்த கண்ணோடு இன்னொன்றையும் பார்த்தேன். புவனேசுவரத்தில் இறங்கிய பெண்கள் ஹரியானா, பஞ்சாப், ஒடிசா, ஜார்க்கண்ட், மணிப்பூர், மிசோரம், உத்தராகண்ட் என்று பல மூலையிலிருந்து வந்தவர்கள். நமக்குக் கிட்டத்தில் என்றால் சித்தூர் மாவட்டத்துக் கோல்கீப்பர் ரஜனி எதிமர்ப்பு ஒருவர்தான். தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தியும் இல்லை. டர்ஃப் இல்லை என்று சொல்ல முடியாது. சென்னை எழும்பூரில் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானம் இருக்கிறது. 1996-லும் 2005-லும் ஆண்கள் சாம்பியன்ஸ் டிராஃபி அங்கே நடந்தது, 2025-ல் ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பையைச் சென்னையும் மதுரையும் சேர்ந்து நடத்தின. கோவில்பட்டியில் தெருவுக்குத் தெரு ஹாக்கி ஆடுகிறார்கள். பிறகு ஏன் நம் பெண்கள் அங்கே இல்லை?

காரணம் பல இருக்கும். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். போன வருஷம் ஒரு தேர்வுக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வந்தது முந்தின நாள் ராத்திரி. காலை ஏழு மணிக்கு மைதானத்தில் இருக்கவேண்டும். பெண் பிள்ளைகளை அந்த இருட்டில் தனியாக அனுப்ப எந்தத் தாய் சம்மதிப்பாள்? நான் கூடப் போனதால் மூவர் வந்தார்கள். வராமல் போனவள் ஒருத்தி, சென்டர் ஹாஃப். நான் சொல்லிக்கொடுத்தவர்களிலேயே அவள்தான் கெட்டிக்காரி. அவள் அம்மா அன்று களையெடுக்கக் கூலிக்குப் போகவேண்டியிருந்தது. தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. அவளுக்கு மறுநாள் ஒன்று இருந்திருந்தால் நானே பஸ்ஸில் கூட்டிப் போயிருப்பேன்.

தேர்வு நடத்துகிற பெரியவர்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். தேதியைப் பதினைந்து நாள் முன்னால் பள்ளிக்குத் தெரியப்படுத்துங்கள். முதல் பஸ்ஸும் முதல் ரயிலும் வந்துசேரும் நேரம் பார்த்து ஆட்டத்தைத் தொடங்குங்கள். வர முடியாமல் போனவளுக்காக ஒரு வாரம் கழித்து இரண்டாவது நாள் ஒன்று வையுங்கள். அமெரிக்காவுக்காக உலகமே ஒன்பது மாதம் காத்திருந்தது. கருங்குழியிலிருந்து வரும் ஒரு பெண்ணுக்காக நீங்கள் ஒரு வாரம் காத்திருங்கள்.